தலை சிலுப்பாத கிடா

சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னார். நான் வைத்தேன். யாருக்கும் கேட்காதபடி அதன் காதுக்குள் மட்டும் சொல்லிக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயரை யாரிடமும் சொன்னதில்லை; இங்கேயும் எழுதப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் விஷயம்.

இப்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டும் என்று பூனை வாங்கிக் கொடுக்கிறார்கள், மீன்தொட்டி வைக்கிறார்கள். என் மகள் வீட்டில் ஒரு முயல் இருக்கிறது. அதன் கூண்டை யார் கழுவுவது என்று தினமும் சண்டை. வளர்ப்புப் பிராணி பிள்ளைகளுக்கு அன்பைக் கற்றுத் தரும் என்று மருமகன் சொல்கிறார். கற்றுத் தரட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் ஆட்டை யாரும் எனக்குப் பாடம் சொல்லித்தர வாங்கவில்லை. வெட்டுவதற்காக வாங்கினார்கள். வெட்டும் நாள்வரை குறையில்லாமல் வளர்த்துக் கொடுப்பது என் வேலை. வளர்ப்பதை நான் ஒழுங்காகச் செய்தேன். கொடுப்பதற்குத்தான் எனக்கு மனமில்லை.

மலாயாவில், ரந்தாவ் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் இருந்தோம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் கொண்டுவந்ததும், ஆங்காங்கே தள்ளித் தள்ளி இருந்த கூலிக்காரர் லயங்களையெல்லாம் காலி செய்து, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து போட்டு, சுற்றி முள்கம்பி வேலி அடித்தார்கள். வேலி நெடுகக் காலிப் பால்டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது கம்பியைத் தொட்டால் டின் சத்தம் போடும், காவலுக்கு நிற்பவன் துப்பாக்கியைத் தூக்குவான். உள்ளே போக, வெளியே வர ஒரே கேட். காலையில் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மணி அடித்து மூடுவார்கள். மூடிய பிறகு வெளியே நிற்கிறவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

அரிசியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் சமையல்கட்டில் சோறாக்கி, தலைக்கு இவ்வளவு என்று அகப்பையில் அள்ளிப் போடுவார்கள். கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. போனால் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ரப்பர் பால் எடுக்க மரம் சீவப் போகும் பெண்களின் முந்தானையையும் கொண்டையையும் கேட்டில் ஒருத்தி அவிழ்த்து உதறிப் பார்ப்பாள். எங்களையெல்லாம் திருடர்களாகத்தான் அந்தக் கேட் பார்த்தது. எனக்கு அதன்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஒருநாள் அப்பாவின் நிரையில், அவர் மரம் சீவும் வரிசையில், ஒரு மரத்தடியில் பிஸ்கட் டின் நிறைய அரிசி கிடைத்தது. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்ற அப்பாவை, வேலைக்குப் போகிற உடுப்போடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வரவில்லை.

அம்மா யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு யாரும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, "நான் ஒன்னும் செய்ய முடியாது" என்று கையை விரித்துவிட்டார். அம்மா தன் காதுத் தோட்டை விற்று, பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் ஒருவரிடம் ஒரு கிடாக்குட்டியை வாங்கிவந்தார். கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளை. வாசலில் நிறுத்தி, அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, முனியாண்டி கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அவர முழுசா வீடு கொண்டாந்து சேத்துடு சாமி. இத உனக்குக் குடுத்துடுறேன்."

பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தார்.

"பாத்துக்க. ஒரு கீறல் விழக் கூடாது. கொம்பு ஒடைஞ்சா, காது கிழிஞ்சா சாமிக்கு ஆகாது. ஒங்கப்பா வர்றது இது நல்லா இருக்கிறதுலதான் இருக்கு."

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பாவின் உயிரை ஒரு கயிற்றின் நுனியில் கட்டி என் கையில் கொடுத்தால் நான் எப்படித் தூங்குவேன்? குட்டி இருமினால் எழுந்து ஓடிப்போய்ப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அதற்குக் கால் நான்கும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுத்தால் ஆட்டுக்கு ஆகாது என்று, ஒடித்த இலையை வெயிலில் போட்டு வாட வைத்துத்தான் கொடுப்பேன். மழையில் அதன் குளம்பிடுக்கு புண்ணாகி நாறியபோது, சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவினேன். உப்பும் அளவுதான். என் சோற்றுக்கு உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு அந்த உப்பை அதற்கு வைத்தேன். முதலில் அப்பாவுக்காகத்தான் செய்தேன். எப்போது அதற்காகச் செய்ய ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

அது லேசான பிராணி இல்லை. காயப்போட்ட சட்டையைத் தின்னும், பக்கத்து வீட்டு அக்காவின் முருங்கைக் கன்றைக் கடிக்கும், திட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். பொழுது சாய மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது கேட்டில் நின்ற மலாய்க் காவல்காரர் அதன் கழுத்துத் துணியையும் அவிழ்த்துச் சோதிப்பார். "இதுக்கு ஐ.சி. வேணாமா?" என்று, பெரியவர்களிடம் அவர் தினமும் கேட்கும் அடையாள அட்டையைச் சொல்லி, நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். கூட நின்ற அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

அப்பா வந்துவிட்டார்.

லாரியில் போனவர் நடந்து வந்தார். இளைத்திருந்தார். என்ன நடந்தது என்று அம்மா கேட்டதற்கு, "ஒன்னும் இல்ல, விடு" என்றார். அதற்கு மேல் யார் கேட்டாலும் அதே பதில்தான். மறுபடி மரம் சீவப் போனார், வந்தார், சாப்பிட்டார். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. ஆட்டை அவர் தொடவில்லை.

சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி நாங்கள் எங்கள் பங்கைச் செய்ய வேண்டும். ஆனால் கோயில் வேலிக்கு வெளியே, காட்டோரத்தில் இருந்தது. கூட்டம் சேரக் கூடாது என்று அந்த வருட ஆடிப் பூசைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அனுமதி தரவில்லை. அம்மா தவித்தார். "கேட்டத குடுத்துட்டாரு, நாம குடுக்கலயே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அனுமதி இல்லை என்றதும் நான் ஆட்டுக் கொட்டகைக்குள் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அந்த வேலியை நான் வாழ்நாளில் வாழ்த்தியது அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் அடுத்த ஆடி வரும். அது எனக்குத் தெரியும்.

முதலில் நான் நினைத்தது காதை. காது கிழிந்தால் சாமிக்கு ஆகாது என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். ஒரு சின்னக் கீறல் போதும், ஆடு தப்பித்துவிடும். அப்பாவின் மரம் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அதன் இடது காதைப் பிடித்தேன். நான் சொறிந்துவிடப் போகிறேன் என்று நினைத்து, அது தலையைச் சாய்த்து என் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். அதைக் காப்பாற்றுவதற்காகக்கூட அதற்கு வலிக்கிற மாதிரி ஒன்றைச் செய்ய என் கை வரவில்லை. வேறு வழி தேடு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வழி சாமியிடமே இருந்தது. வேலி போடுவதற்கு முன் நான் பார்த்த பூசைகள் நினைவில் இருந்தன. வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு தலையைச் சிலுப்பி உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உடனே வெட்டு விழும். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. எல்லா ஆடும் சிலுப்பும். ஈரம் பட்டால் ஆட்டுக்கு ஆகாது, அவ்வளவுதான். அதற்குப் போய் உத்தரவு என்று பெயர்.

சரி, என் ஆடு சிலுப்பாது என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து தினமும் அதைக் குளிப்பாட்டினேன். லயத்துக்குப் பின்னால் இருந்த பொதுக் குழாயடியில் நிறுத்தி, பால்டின்னில் தண்ணீர் பிடித்து மெதுவாகத் தலையில் ஊற்றுவேன். முதலில் துள்ளியது, என் வயிற்றில் முட்டித் தள்ளியது. காதுகளின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிப் பேசுவேன். சிலுப்பாமல் ஒரு நொடி நின்றாலும் உடனே ஒரு வாழைப்பழத் தோல். அதற்கு வாழைப்பழத் தோல் என்றால் உயிர். லயத்துப் பிள்ளைகளிடம் பல்லைக் காட்டி வாங்கிச் சேர்த்துவைப்பேன். நாளாக நாளாக, மூடிய என் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழகியது. கை திறக்கும்வரை அசையாது. கை திறந்தால் தோல் இருக்கும். ஒருநாளும் நான் அதை ஏமாற்றியதில்லை.

அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் எடுத்துத் தண்ணீரில் கரைத்தேன், வாசனையும் பழக வேண்டுமே. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே, "சாமி ஆட்ட எவ்ளோ சுத்தமா வச்சிருக்கு பாரு அந்தப் புள்ள, பக்திலா" என்று மெச்சினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பக்தியாக இருந்தேன். எப்போதும் ஈரமாகவே திரிந்த ஆட்டைப் பார்த்து, "ஹாரி ஹாரி மண்டி கா?" என்று கேட் காவல்காரர் கேட்பார். தினமும் குளியலா என்று. ஆமாம், தினமும் குளியல்தான்.

அப்பா மட்டும் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார். நான் டின்னைத் தூக்கினால் எழுந்து லயத்தின் முன்பக்கம் போய்விடுவார். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அவர் சுவரோரம் நின்று தன் தலையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் தண்ணீர் எதுவும் இல்லை. ஆட்டை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

முனியாண்டியிடம் எனக்குப் பயம் இல்லையா? இருந்தது. அப்பாவை மறுபடி கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொருவர் கழுத்தைக் கேட்கிறதென்றால், அந்த லாரிக்காரர்களுக்கும் சாமிக்கும் என்ன வித்தியாசம்? அப்படிக் கேட்கிற சாமி நமக்கு எதற்கு? இதை மனசுக்குள் முனியாண்டியிடம் நேராகவே சொன்னேன். கேட்க வேண்டும் என்று நினைத்தால் கேட்டுக்கொள் என்றேன்.

அடுத்த ஆடியில் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு மத்தியானம். கேட் மூடுகிற மணி அடிப்பதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். கூடத் துப்பாக்கிக் காவல் வரும். பூசைக்குரிய தேங்காய், பழத்தைத் தவிர வேறு தின்பண்டம் எதுவும் கொண்டுபோகக் கூடாது.

காலையில் அம்மா ஆட்டின் கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டார். போட்ட மாலையில் பாதியை அது தின்றுவிட்டது. நான் பாவாடை மடிப்பில் வாழைப்பழத் தோலை ஒளித்து வைத்திருந்தேன். கேட்டில் சோதித்தவள் கையை விட்டு எடுத்துவிட்டாள்.

"என்னாது இது?"

"தோல்க்கா. ஆட்டுக்கு."

"தோலும் தீனிதான்" என்று வேலி ஓரத்தில் வீசி எறிந்தாள்.

அம்மா தட்டோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெறுங்கையோடு வெளியே நடந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆடு மட்டும் உற்சாகமாக முன்னால் போனது. மேய்ச்சலுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

கோயில் என்றால் ஒரு பெரிய மரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். லயமே திரண்டு வந்திருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பூசை. பூசாரி மாமாவும் மரம் சீவுகிறவர்தான். அன்றைக்கு மட்டும் திருநீறு அப்பிக்கொண்டு வேறு ஆளாகத் தெரிந்தார். பம்பை அடித்தார்கள். சூடம் காட்டினார்கள். ஆட்டைக் கல்லுக்கு எதிரே நிறுத்தி, கயிற்றை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். வேண்டுதல் அவருக்காக, கயிறும் அவர்தான் பிடிக்க வேண்டும்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், ஆட்டின் கண்ணுக்கு நேராக நின்றேன். வலது கையை நீட்டி இறுக்க மூடிக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"முனியாண்டி, புள்ளைங்க குடுக்கிறத ஏத்துக்கப்பா. உத்தரவு குடு" என்று பூசாரி மாமா குடத்தைச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் அதன் நெற்றி வெள்ளையில் விழுந்து கண் வழியே வழிந்தது.

ஆடு என் கையைப் பார்த்தது. அசையவில்லை.

"குடுப்பா, குடு" என்று கூட்டம் குரல் கொடுத்தது. இன்னொரு குடம். காதுக்குள் வேப்பிலையால் தெளித்தார். அதன் தோல் முதுகில் லேசாகத் துடித்தது. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆட்டுக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அது நின்றது. என் மூடிய கையை விட்டு அதன் கண் நகரவில்லை. தினமும் கொடுத்தவள் இன்றைக்கும் கொடுப்பாள் என்று நின்றது. இருப்பது வெறுங்கை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பம்பை நின்றது. குடம் காலியாக, மறுபடி நிரப்பி வந்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் வெயிலைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து பேச்சு கிளம்பியது.

"சாமி வேணாங்குதே. வீட்டுல ஏதோ குத்தம் இருக்கு."

"மத்த தோட்டத்துல புடிச்சுட்டுப் போனவங்க யாரையும் விடல. இவர மட்டும் எப்படி விட்டாங்க? சும்மாவா விடுவாங்க?"

"எதையோ சொல்லிட்டுத்தான் வந்திருப்பாரு. அதான் சாமி காட்டிக் குடுக்குது."

இதை நான் யோசிக்கவே இல்லை. ஆடு தப்பிக்கும் என்பது மட்டும்தான் என் கணக்கு. அது நின்றால் அப்பா காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார் என்று எனக்குத் தெரியாது. வேலிக்குள் அந்தப் பெயரோடு ஒருவர் வாழவே முடியாது. யாரும் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. கையைத் திறந்தால் போதும். உள்ளே ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும், தலையைச் சிலுப்பிவிடும், எல்லாம் முடிந்துவிடும். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அது. என் விரல் ஒன்று தானாகவே லேசாகப் பிரிந்தது. மூடிக்கொண்டேன். மறுபடி பிரிந்தது.

பூசாரி மாமா மூன்றாவது குடத்தைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்கண்ணே" என்றார் அப்பா.

குரல் பெரிதாக இல்லை. ஆனால் வந்ததிலிருந்து அவர் பேசிக் கேட்காதவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு ஆட்டின் தலையில் இருந்த தண்ணீரைத் தன் உள்ளங்கையால் வழித்துவிட்டார். அதை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எத்தன கொடம் ஊத்துவீங்க? அதுக்கு இஷ்டம் இல்ல. தெரியல?"

"இல்லப்பா, சாமி உத்தரவு..."

"எனக்கும் இப்படித்தான் ஊத்தினாங்க" என்றார் அப்பா. "நிக்க வச்சு, தலைல ஊத்திக்கிட்டே இருந்தாங்க. இங்க நிக்கிற ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி, இவனா அரிசி வச்சது, இவனான்னு கேட்டாங்க. நீ வாயத் தொறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டு, ஒன்ன வீட்டுக்கு வுட்டுடுறோம்னாங்க. ஒங்க பேரும் சொன்னாங்கண்ணே. நான் ஆட்டல. கடைசில அவனுங்களுக்குத்தான் அலுத்துப் போச்சு."

பின்னால் பேசிய பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஆட்டாம நின்னேன். இது மட்டும் எதுக்கு ஆட்டணும்?"

கயிற்றைக் கழுத்திலிருந்து உருவி எடுத்தார். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "வேணாங்க. சாமி குத்தம் ஆயிடும்."

"ஆவட்டும். வந்தா எம்மேல வரட்டும். இன்னொருத்தன் கழுத்த குடுத்து நான் வீட்டுல இருக்க வேணாம்."

அம்மா அவர் கையை விட்டார். பிறகு குனிந்து, ஆட்டின் கழுத்தில் மிச்சம் இருந்த பாதி மாலையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கல்லின்மேல் போட்டார். "இவ்ளோதான் என்னால முடியும், எடுத்துக்க" என்று சாமியிடம் கும்பிடாமல் சொன்னார். பூசாரி மாமா குடத்தைக் கீழே வைத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கேட்டில் முதல் மணி அடித்தது.

எல்லாரும் வேகமாகத் திரும்பினோம். யாரும் அப்பாவை முந்திக்கொண்டு நடக்கவில்லை. கயிறு இல்லாமலேயே ஆடு என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, என் கையை முகர்ந்துகொண்டே. நான் கையைத் திறக்கவில்லை. திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டில் காவல்காரர் எங்களை எண்ணி உள்ளே விட்டார். வெட்டப் போன ஆடு நனைந்துபோய் நடந்து வருவதைப் பார்த்து, "மண்டி லாகி?" என்றார். மறுபடியும் குளியலா என்று. அப்பா சிரித்துவிட்டார். எத்தனையோ மாதம் கழித்து.

அப்பாவை மறுபடி யாரும் கொண்டுபோகவில்லை. முனியாண்டி எங்களை ஒன்றும் செய்யவில்லை. வேலியைப் பிரித்தெடுத்த பிறகும் அந்த ஆடு உயிரோடு இருந்தது. கிழடாகி, பல் கொட்டி, தானாகத்தான் செத்தது. சாமி அதை விட்டுவிட்டது என்று லயத்தில் கதை சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. எனக்குத் தெரியும் யார் விட்டது என்று. ஊரும் சட்டமும் சாமியும் ஒரு பக்கம் நின்றால்கூட, நம்மை நம்பி நிற்கும் உயிரின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

ஆனால் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. கொட்டகைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு எதிரே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா பூசைத் தட்டை இறக்கி வைத்தார். அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். பழத்தை அப்பாவிடம் கொடுத்தார். தோலை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் குறைந்துகொண்டே போவதை அவர் எப்போதோ பார்த்திருக்க வேண்டும்.

"கையத் தொற" என்றார். "எவ்ளோ நேரமா மூடியே வச்சிருக்க. ஒன்ன நம்பி நின்னுச்சுல்ல? குடு அதுக்கு."

என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அம்மாதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.